சமையல் செய்யும் அக்காவின் கையில் இருப்பது ஒட்டுமா? சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாம்மாடி எழுதியது:

வில்லிவாக்கம் பக்கம் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடி எங்களுடையது. எங்கள் வீட்டிலும் இன்னும் மூன்று வீடுகளிலும் ஒரே அக்காதான் சமையல், ஐந்து வருடமாக வருகிறார். போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் தோல் தடித்துச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. செவ்வாய்க்கிழமை லிஃப்டில் யாரோ அவருக்குத் தெரியாமல் அந்தக் கையைப் போட்டோ எடுத்துக் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ‘இந்தக் கையால் பிசைந்த சப்பாத்தியைத்தான் சாப்பிடுகிறோமா’ என்று ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் குஷ்டம் என்று சொல்ல, வேறொருவர் குழந்தைகள் இருக்கிற இடம் என்று சொல்ல, ராத்திரி 11 மணிக்குள் 80 மெசேஜ். கடைசியில் செக்ரட்டரி தீர்ப்பு எழுதினார்: தொற்றுநோய் இல்லை என்று டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவரும் வரை அந்த அம்மா கேட்டுக்குள் வரக்கூடாது.

அக்காவுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். ‘சரி தம்பி’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த ‘சரி’தான் என்னவோ போல் இருக்கிறது.

என் சந்தேகம் இரண்டு. இது ஒட்டுமா ஒட்டாதா என்று பார்த்தே சொல்ல முடியுமா? அப்புறம், பொதுவாகவே தொற்றுநோய்க்கும் தொற்றாத நோய்க்கும் என்ன வித்தியாசம் என்பதைக் குரூப்பில் இருக்கும் மாமாக்களுக்குப் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது? நான் அக்கவுண்ட்ஸ் ஆள், உயிரியலுக்குப் பத்தாம் வகுப்போடு கும்பிடு போட்டவன். ‘கிருமியால் வந்தால் தொற்று, இல்லாவிட்டால் இல்லை’ என்று எழுதிவிடலாம் என்று பார்த்தேன். எங்கள் அம்மாவே குறுக்கே வந்து, ‘எனக்குச் சர்க்கரை, கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உங்கப்பாவுக்கும் சர்க்கரை, இப்போ உன் சித்திக்கும் சர்க்கரை, இதெல்லாம் ஒட்டாமத்தான் வந்ததா’ என்று கேட்டுவிட்டார். பதில் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த 80 மெசேஜில் 20 மெசேஜ் இரண்டாம் மாடி மாமா போட்டது. மனிதர் ஒரு மாதமாக லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருக்கிறார், கேட்டால் மெட்ரோ வேலைத் தூசி என்கிறார். தினமும் சாயங்காலம் கிளப் ரூமில் கதவைச் சாத்தி ஏசி போட்டுக் கேரம் ஆடுகிறார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.


ஓய்வுபெற்ற_சிஸ்டர் எழுதியது:

தம்பி, 31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவள் நான், அதில் நாலு வருடம் தோல் ஓ.பி. அந்தப் போட்டோவை இங்கேயும் போடாமல் வார்த்தையில் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி.

நேரில் பார்க்காமல் இது இன்னதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் முழங்கை, மூட்டு, தடித்த சிவப்பு, மேலே வெள்ளிச் செதில் என்று கேட்டதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சொரியாசிஸ். அதுவாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது. கை குலுக்கினாலும் ஒட்டாது, ஒரே துண்டால் துடைத்தாலும் ஒட்டாது. செதில் மாவில் விழுந்தால் அருவருப்பாக இருக்கும், சரி, அதற்காக வியாதி வந்துவிடாது. நம் மேல்தோல் அடியில் உருவாகி மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் மட்டும் அது நாலைந்து நாளில் நடந்துவிடுகிறது, ஏனென்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தப்பாகப் புரிந்துகொண்டு அவசரப்படுத்துகிறது. பழையது உதிர்வதற்குள் புதியது வந்து அடுக்கடுக்காக நின்றால் அதுதான் செதில். கிருமிக்கு இதில் இடமே இல்லை.

ஓ.பி.யில் என்ன செய்வார்கள் என்றால், கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தால் செதிலை மெல்லச் சுரண்டுவார் டாக்டர். மெழுகுவத்தியைச் சுரண்டியது போல் தூளாக வரும். இன்னும் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக ரத்தம் தெரியும். அப்புறம் நகத்தைப் பார்ப்பார், குண்டூசியால் குத்தியது போல் குழி குழியாக இருக்கிறதா என்று. தலையில் முடிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். பாதி நோயாளிகள் பொடுகு என்று நினைத்து வருடக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

குஷ்டம் என்று எழுதிய மனிதரிடம் ஒன்று கேளுங்கள், அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? தொழுநோய்ப் படை என்றால் பெரும்பாலும் தொட்டால் தெரியாது, அடுப்புச் சூடு தெரியாது. நாலு வீட்டில் தோசை ஊற்றுகிற பெண்ணுக்கு அது இருந்தால் கையில் தினம் ஒரு கொப்புளம் இருந்திருக்கும். சரி, தொழுநோயே என்று வைத்துக்கொண்டாலும் இந்த ஆட்டம் தேவையில்லை. அது கிருமியால் வருவதுதான், 1873-ல் நார்வேயில் ஹான்சன் கண்டுபிடித்தார், ஆனால் ஒட்டுவதில் அதைப் போல ஒரு சோம்பேறி கிடையாது. மருந்து எடுக்காத நோயாளியோடு மாதக்கணக்கில் நெருங்கி இருந்தால்தான் பரவும், அதிலும் பெரும்பாலோருக்கு உடம்பே தடுத்துவிடும். கூட்டு மருந்து ஆரம்பித்துவிட்டால் பரவுவது நின்றுவிடும். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. வெண்புள்ளியைக்கூட ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது தெரியுமா? அதில் நிறம்தான் போகிறது, வேறு ஒன்றும் இல்லை.

இந்தியாவில் எச்ஐவி தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தது நம் ஊரில்தான், 1986-ல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழு. அதற்குப் பிறகு சில வருடம் கழித்து நான் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கையால் கொடுக்காமல் காலால் தள்ளிவிட்டவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தட்டில் பரவாது, தொட்டால் பரவாது என்று தெரிந்தவர்களே அப்படிச் செய்தார்கள். உங்கள் குரூப் மெசேஜைப் படித்ததும் அந்தத் தட்டுச் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

அக்காவைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சர்டிஃபிகேட் அப்புறம், அவருக்கு மருந்து வேண்டும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு அந்தக் கைக்கு விஷம் மாதிரி, கேட்டுப் பாருங்கள், ராத்திரி தூங்கவிடாமல் எரியும்.


படர்தாமரை_பட்டவன் எழுதியது:

செக்ரட்டரியைத் திட்டுவதற்கு முன் எங்கள் வீட்டுக் கதையையும் கேளுங்கள். என் தம்பிக்கு இடுப்பில் வட்டமாக ஒரு சிவப்பு, ஓரம் தடித்து நடுவில் தெளிந்து. பேன்ட் இறுக்கம் என்று விட்டுவிட்டோம். மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினான், இரண்டே நாளில் அரிப்பு காணாமல் போனது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் எனக்கு, அம்மாவுக்கு, அண்ணிக்கு, கடைசியில் அண்ணன் பையனுக்கும். தோல் டாக்டர் அந்த ட்யூபைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அதில் ஸ்டீராய்டு இருந்ததாம், அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மருந்து எடுத்து, துண்டு உள்ளாடை எல்லாம் தனித்தனியாக வெந்நீரில் துவைத்து, முடிய ஒரு வருடம் ஆனது.

ஆகவே ‘தோலில் வருவது ஒட்டாது’ என்று மொத்தமாக எழுதிவிடாதீர்கள். படர்தாமரை ஒட்டும், சிரங்கு ஒட்டும். டாக்டரிடம் காட்டச் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை, சொன்ன விதம்தான் கேவலம். போட்டோ எடுத்த ஆளை என்ன செய்வது என்று தனித் திரி போடுங்கள், வருகிறேன்.


ஸ்லைடு_பார்ப்பவன் எழுதியது:

படர்தாமரைக்காரர் சொன்னதுதான் சரி, பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்லைடில் வைத்தால் சொல்லலாம். நான் லேப் டெக்னீஷியன். செதிலைச் சுரண்டி ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் தோல் செல்கள் எல்லாம் கரைந்து தெளிந்திருக்கும், பூஞ்சை மட்டும் கரையாமல் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணாடி நூல் கிளை பிரிந்து ஓடுகிற மாதிரித் தெரிந்தால் படர்தாமரை. சொரியாசிஸ் செதிலில் அந்த நூல் இருக்காது. இதற்குத்தான் 80 மெசேஜ்.

‘கிருமியால் வந்தால் தொற்று’ என்று நீங்கள் எழுத நினைத்தது தப்பில்லை, பாதியில் நிற்கிறது. தமிழில் ‘ஒட்டுவாரொட்டி’ என்று அழகான ஒரு சொல் இருக்கிறது, அதைத் தொற்றுநோய்க்கு இன்னொரு பெயர் மாதிரிப் பயன்படுத்துகிறோம், நான் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வேன். கிருமி உள்ளே புகுந்து வருவதெல்லாம் தொற்றுநோய். அதில் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுவது மட்டும்தான் ஒட்டுவாரொட்டி. டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்குக் காரணம் பாக்டீரியா, மண்ணிலிருந்து காயத்துக்குள் போகிறது, ஆனால் ரணஜன்னி வந்தவர் பக்கத்துக் கட்டிலில் படுத்தாலும் உங்களுக்கு வராது. டெங்குவுக்குக் காரணம் வைரஸ், அது ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போக ஏடிஸ் கொசு என்கிற ஆட்டோ வேண்டும், அந்த ஆட்டோ பகலில் ஓடும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். டெங்கு வந்த நண்பரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டு மொட்டைமாடியில் மூடி இல்லாத இரண்டு டிரம், நாலு பழைய டயர். எலிக்காய்ச்சலும் அப்படித்தான், வெள்ளத் தண்ணீரில் கலந்த எலி மூத்திரம் கால் வெடிப்பு வழியாக உள்ளே போகிறது, வந்தவரைப் பார்த்து நாம் ஒதுங்க வேண்டியதே இல்லை.

பார்த்தாலே ஒட்டும் என்று நம் ஊரே நம்புகிற மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டாது. கண்ணைக் கசக்கிய விரல், அந்த விரல் பிடித்த பஸ் கம்பி, அதே கம்பியைப் பிடித்த உங்கள் கை, அப்புறம் உங்கள் கண். வழி அவ்வளவுதான். கூலிங் கிளாஸ் போட்டால் வெளிச்சம் கூசாது, கண்ணைத் தொடவும் கொஞ்சம் யோசிப்போம், வேறு மந்திரம் அதில் இல்லை.

அம்மா கேட்டது உண்மையிலேயே நல்ல கேள்வி. ஒரே கூரைக்குக் கீழே பலருக்கு வந்தால் ஒட்டியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும், பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே அப்படி ஏமாந்திருக்கிறார்கள். ஜாவாவில் டச்சு ஆட்சிக்காலத்தில் பெரிபெரி என்று கால் துவண்டுபோகிற நோய், சிப்பாய்கள், கைதிகள் என்று கும்பல் கும்பலாக வந்தது. 1880-களில் கிருமியைத் தேடித்தான் ஐக்மன் என்ற டாக்டர் அங்கே போனார். ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகளுக்கும் கால் துவண்டது, அவருக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நாளில் கோழிகள் தானாகவே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டன. விசாரித்தால், இடையில் கோழிகளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியை ஊர்க் கோழிக்குப் போடமாட்டேன் என்று மறுத்துவிட, பழையபடி தவிடு போகாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். தவிட்டோடு போன தயாமின் என்கிற பி1 வைட்டமின்தான் விஷயம் என்பது பிற்பாடு தெரிந்தது, 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசில் பங்கு. கும்பலாக வந்ததற்குக் காரணம் கும்பல் முழுக்க ஒரே பானைச் சோறு தின்றது.

உங்கள் வீட்டுச் சர்க்கரையும் அந்தக் கணக்குதான். சித்திக்கு அம்மாவோடு ஒரே ரத்தம், அப்பாவுக்கு அம்மாவோடு ஒரே சாப்பாடு. அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பத்து வருடம் ஒரே சோபாவில் உட்கார்ந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரத்தத்திலிருந்து ரத்தத்துக்கோ எச்சிலிலோ சர்க்கரை நோய் போகாது.

தலைகீழாகவும் ஏமாந்திருக்கிறோம். வயிற்றில் அல்சர் என்றால் காரம், காபி, கவலை என்றுதான் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துத் தானே குடித்துவிட்டு, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகப் படுத்து நிரூபித்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல். புற்றுநோய் ஒட்டாது, நோயாளி குடித்த டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஹெச்பிவி வைரஸ் ஒட்டும், அதனால்தான் பெண் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி. ஆகவே குரூப்பில் கோடு கிழித்து இந்தப் பக்கம் தொற்று, அந்தப் பக்கம் தொற்றாது என்று அட்டவணை போடாதீர்கள், இரண்டு நாளில் யாராவது வந்து கேள்வி கேட்டு மாட்டிவிடுவார்கள். ‘எந்த வழியாகப் பரவும்’ என்ற ஒரே கேள்வியைப் போடுங்கள். காற்றா, கையா, தண்ணீரா, கொசுவா, ரத்தமா? வழி எதுவும் இல்லையென்றால் அந்த நோய்க்குப் பயந்து யாரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை.


காவிப்பட்டை எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் பாட்டிக்கு இடுப்பில் அக்கி. குயவர் ஒருவரிடம் அழைத்துப் போய்க் காவியால் சிங்கம் எழுதி வந்தார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அக்கி ஒட்டுமா?


ஸ்லைடு_பார்ப்பவன் எழுதியது:

அக்கி அக்கியாக ஒட்டாது, சின்னம்மையாக ஒட்டும். பாட்டிக்குச் சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸ் இத்தனை வருடம் நரம்பில் படுத்துக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது. கொப்புளத்து நீர் பட்டால் அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம், அதனால் பக்கு கட்டும் வரை துணியால் மூடி வைத்து, குழந்தையைத் தள்ளி வையுங்கள். கர்ப்பிணிகளும் தள்ளி இருக்கட்டும். சிங்கம் இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டியைச் சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள், முதல் மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்லது. வலி மாதக்கணக்கில் இழுக்கும் நோய் இது.


ஆறுமாத_மாத்திரை எழுதியது:

எல்லோரும் அக்கா கையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வி போட்டவர் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியதை யாராவது படித்தீர்களா? ஒரு மாத இருமல், சாத்திய கதவு, ஏசி, தினமும். எனக்குப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

2019-ல் எனக்கும் ‘தூசி’தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அங்கே தூசிக்குப் பஞ்சமா? ஒன்றரை மாதத்தில் நாலு பாட்டில் இருமல் டானிக். சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடும், விடிகாலையில் பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது, ‘ஜிம்முக்குப் போகிறாயா’ என்று ஆபீஸில் பாராட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். தெரு முனை கிளினிக்கில் மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், சளியைப் பரிசோதிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் சளி கொடுத்தேன். டிபி.

வீட்டில் அன்றைக்கே என் தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் தனியாகிவிட்டது. என் மனைவிமேல் தப்பில்லை, அவள் வீட்டில் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் டிபி தட்டில் பரவாது, போர்வையில் பரவாது. இருமும்போதும் பேசும்போதும் காற்றில் மிதந்து, மூடிய அறையில் மணிக்கணக்கில் சேர்ந்து மூச்சு விடுகிறவர்களுக்குப் பரவும். தட்டைப் பிரித்த அதே வீட்டில், கொசு வருமென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி நாலு பேரும் ஒரே அறையில் படுத்திருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது மகளுக்கு மூன்று வயது. அவளைப் பரிசோதித்து, நோய் இல்லை என்றதும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பிறந்தவுடன் பிசிஜி ஊசி போட்டிருந்தோமே என்று கேட்டேன். அது குழந்தைகளுக்கு மூளைக்கு ஏறுகிற மாதிரிக் கடுமையான டிபி வராமல் காக்கும், பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு அதை நம்ப முடியாது என்றார்கள்.

வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்த் தங்க வேண்டுமா என்று கேட்டபோது அங்கிருந்த பணியாளர் சொன்ன கதையை உங்கள் செக்ரட்டரிக்கும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் டிபி என்றால் ஊருக்கு வெளியே சானடோரியம்தான். நாம் தினமும் எலெக்ட்ரிக் ரயிலில் தாண்டிப் போகிற தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது அப்படித்தான், 1928-ல் ஆரம்பித்த இடம். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கி, மெட்ராஸ் ஏழைகளில் டிபி வந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், படுக்கை, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு அவரவர் நெரிசல் வீடு, அவரவர் கஞ்சி, வேலைக்கும் போய்க்கொண்டு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள், கூட வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பு ஒட்டியதுதான் ஒட்டியது. உலகம் முழுக்க டிபிக்காரர்களை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று ஆனதற்கு நம் சேத்துப்பட்டு ஒரு பெரிய காரணம்.

எனக்கு ஆறு மாதம் மாத்திரை. முதல் சில வாரங்களிலேயே பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்றார்கள், இரண்டு வாரம் மாஸ்க்கோடு வீட்டில் இருந்துவிட்டு டாக்டரைக் கேட்டு வேலைக்குப் போனேன். சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது, 2024 கடைசியிலிருந்து அதை 1000 ஆக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் மாடி மாமாவுக்குச் சர்க்கரை உண்டா? இருந்தால் இன்னும் அவசரம். சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. ஒட்டாத நோய் போய் ஒட்டுகிற நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. டிபியாக இல்லாமலும் போகலாம், ஆஸ்துமாவோ நெஞ்செரிச்சலோ ரத்தக்கொதிப்பு மாத்திரையோகூட இப்படி இருமவைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி கொடுத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தயவுசெய்து அவரைப் பற்றிக் குரூப்பில் போடாதீர்கள். போட்டால் கைக்குட்டைக்குள் இருமப் பழகிக்கொள்வாரே தவிர, ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்.


மூன்றாம்மாடி எழுதியது:

சர்க்கரை உண்டு. 15 வருடமாக. மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை அவரும் அப்பாவும் ஒரே நாளில்தான் வாங்குவார்கள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, நேற்றுகூட அவரோடு ஒரு போர்டு ஆடினேன்.


மூன்றாம்மாடி எழுதியது (11 நாள் கழித்து):

அக்காவை அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்கு அழைத்துப் போனோம், என் அம்மாவும் வந்தார். ஏழரைக்குச் சீட்டு, பத்தரைக்கு டாக்டர். சிஸ்டர் சொன்ன மாதிரியே ஸ்லைடு ஓரத்தால் சுரண்டினார், மெழுகுத் தூள், அடியில் சிவப்புப் புள்ளி. லேபில் பூஞ்சை இல்லை. சொரியாசிஸ். தடவ மருந்தும், தினமும் எண்ணெய்ப் பசையாக ஏதாவது போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அம்மா, ‘டாக்டர், இது எனக்கு ஒட்டுமா’ என்று நேராகவே கேட்டுவிட்டார். டாக்டர் பேசவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அக்காவின் முழங்கையைத் தடவிக் காட்டினார். நான் எழுத நினைத்த நாலு பத்தி அங்கேயே தீர்ந்துவிட்டது.

அந்தச் சீட்டைக் குரூப்பில் போடலாமா என்று கேட்டேன். ‘என் சீட்டை எதுக்குத் தம்பி ஊரே பார்க்கணும்’ என்றார் அக்கா. அதுவும் சரிதான். ‘டாக்டர் பார்த்தார், ஒட்டாது, போட்டோவை எடுத்தவர் அழிக்கவும்’ என்று மட்டும் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல், செக்ரட்டரி மௌனம், போட்டோ மறுநாள் காணவில்லை. மூன்று வீடுகள் திரும்பக் கூப்பிட்டன, ஒரு வீடு வேறு ஆள் பார்த்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அக்கா ஒரு நிபந்தனையோடு வருகிறார், சமையல் உண்டு, பாத்திரம் கிடையாது. பாத்திரம் நான் தேய்க்கிறேன்.

மாமாதான் கஷ்டப்படுத்தினார். கிளப் ரூம் ஏசி ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு, ஏசி ரிப்பேர் என்று சொல்லி எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். நான்கு நாள் அப்படி ஓட்டிவிட்டு, தனியாக மொட்டைமாடியில் வைத்துச் சர்க்கரை, ஒரு மாத இருமல் என்று மெல்ல ஆரம்பித்தேன். ‘எனக்கு டிபின்னு சொல்றியா?’ என்று கத்திவிட்டுப் போய்விட்டார். ராத்திரி மாமி போன் செய்து, ‘தினமும் தலையணை உறை ஈரமா இருக்குடா’ என்றார். நாளை காலை சளி கொடுக்கப் போகிறார்கள், அதற்கு டப்பா வாங்கி வந்தாகிவிட்டது.


ஓய்வுபெற்ற_சிஸ்டர் எழுதியது:

தம்பி, மாமியிடம் இப்போதே போன் செய்து சொல்லுங்கள், எச்சிலைத் துப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடப் போகிறார்கள், பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு முறை ஆழமாக மூச்சு இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்த கெட்டிச் சளி வேண்டும். பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்க வேண்டாம், பால்கனியில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். மூடியை இறுக்கித் திருக வேண்டும். ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.